கடைசிப் பாட்டில் டிரம்ஸ்

மதுமதி ஒரு இணைய இதழில் மாதம் ஒருமுறை மேற்கத்திய இசை ஆல்பங்களைப் பற்றி எழுதிவந்தாள். ஆழ்வார்பேட்டையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை, எழுத்து ஆசைக்கு. கனடாவில் ஏதோ ஒரு சுரங்க ஊரைச் சேர்ந்த நாலு பேரின் ஹார்ட் ராக் ஆல்பத்தை மட்டும் அவசரத்தில் எழுதினாள். பத்துப் பாட்டில் முதல் மூன்றை, மயிலாப்பூரிலிருந்து அலுவலகம் போகும் ஆட்டோவில் கேட்டாள். மூன்றிலும் இரண்டு கிடார்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டிருந்தன. மீதியும் இப்படித்தான் இருக்கும் என்று அவளே முடிவுகட்டி, 'கடைசிப் பாட்டில் டிரம்ஸ் இடியாக இறங்கி ஆல்பத்தை முடித்துவைக்கிறது' என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து நல்லசிவம் என்பவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருஷமாக பேன்ட் சர்ட் துணிப் பிரிவில் நிற்கிறவர். அவள் எழுதும் ஆல்பங்களை ஒன்று விடாமல் கேட்பாராம். 'கடைசிப் பாட்டை ஆறு தடவை கேட்டுவிட்டேன் மேடம். எனக்கு ஒரு கிடாரும் ஒரு குரலும்தான் கேட்கிறது. டிரம்ஸ் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று சொன்னால் உதவியாக இருக்கும்' என்று எழுதியிருந்தார்.

மதுமதி அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டாள். டிரம்ஸ் இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு தட்டல்கூட இல்லை.

அப்போதே ஒத்துக்கொண்டிருக்கலாம். அவளோ, வெளிநாட்டுப் பதிப்பில் அந்தப் பாட்டு வேறு மாதிரி இருக்கும், தான் கேட்டது அதைத்தான் என்று பதில் போட்டாள். மறுநாள் காலையிலேயே அவர் நன்றி சொல்லி எழுதிவிட்டார். டொரான்டோவில் இருக்கும் மச்சினன் மகனிடம் அந்தப் பதிப்பைத் தேடச் சொல்லியிருக்கிறாராம். கடைசி வரியைத்தான் அவளால் திரும்பப் படிக்க முடியவில்லை. 'இதற்குள் காது டாக்டரிடமும் போய் வந்துவிட்டேன். வயதுக்கு ஏற்ற குறைதான் என்றார். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.'

மின்னஞ்சலின் கீழே இருந்த எண்ணுக்கு அவள் போன் செய்து, நேரில் பார்க்க வேண்டும் என்றாள். செவ்வாய்க்கிழமை தனக்கு லீவு, கே.கே. நகர் வீட்டுக்கு வரலாம் என்று அவர் மகிழ்ந்துபோனார்.

வீடு இரண்டாவது மாடியில். மனைவி சண்முகவடிவு காப்பி கொடுத்துவிட்டு, எழுத்தாளரம்மா வருகிறார் என்று இவர் காலையிலிருந்து கூடத்தை மூன்று தடவை பெருக்கியதாகச் சொன்னாள். மேஜைமேல் மதுமதியின் கட்டுரைகள் அச்செடுத்து, ஓரத்தில் தைத்து வைக்கப்பட்டிருந்தன. அவள் அதைத் தொடவில்லை. உள்ளே நுழைந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். அதற்குள் அவர் ஸ்பீக்கரை அவள் பக்கம் திருப்பி ஆல்பத்தை முதலிலிருந்து போட்டுவிட்டார்.

அன்றுதான் அவள் அதை முழுதாகக் கேட்டாள். நாலாவது பாட்டிலிருந்தே ஆல்பம் வேறு பாதையில் போனது. ஆறாவதில் இரண்டு கிடார்களில் ஒன்று சட்டென்று நின்றுபோக, மற்றது துணைக்கு ஆள் தேடுவதுபோல ஒரே மெட்டைத் திருப்பித் திருப்பி வாசித்தது. நல்லசிவம் கண்ணை மூடிக்கொண்டு, வலது காதை ஸ்பீக்கர் பக்கம் சாய்த்திருந்தார்.

"இந்த இடத்தைப் பத்தி நீங்க எழுதலயேம்மா. அப்பவே நினைச்சேன், எனக்குத்தான் தப்பாக் கேக்குது போலன்னு" என்றார்.

பிறகு ஒரு செய்தி சொல்வதுபோல அதையும் சொன்னார். கடையில் ஆட்கள் பேசுவது சரியாகக் காதில் விழுகிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டதாம். ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டிருந்தால் வியாபாரம் கெட்டுப்போகும். அதனால் அவரே முதலாளியிடம் சொல்லி, போன வாரம் பின்கட்டில் துணி மடிக்கும் வேலைக்கு மாறிக்கொண்டார். அவர் இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்று.

ஒன்பதாவது பாட்டு முடிந்தது. மதுமதி கையை நீட்டி ஸ்பீக்கரை நிறுத்தினாள்.

"சார், கடைசிப் பாட்டுல டிரம்ஸ் கிடையாது. வேற பதிப்பும் கிடையாது. நான் மூணு பாட்டுதான் கேட்டேன். மீதிய நானா எழுதிட்டேன்."

அவர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ என் காதுல ஒண்ணுமில்லையா?"

"இல்ல சார்."

அவர் எழுந்து அடுக்களை வாசலுக்குப் போய், "வடிவு, காது நல்லாத்தான் இருக்காம்" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். திட்டியிருந்தால் மதுமதி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். இதற்கு அவளால் தலை தூக்க முடியவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அந்தச் சந்தோஷம் அவர் முகத்தில் மெல்ல வடிந்தது. தைத்த கட்டுரைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மத்ததெல்லாம்?"

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இது போக மீதிப் பதினேழில் பதினான்கு முழுதாகக் கேட்டு எழுதியவை. இரண்டை இந்த மாதிரியே எழுதினாள். ஒன்று நினைவில்லை. நினைவில்லை என்று சொன்னபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடை முதலாளியிடம் தானே வந்து பேசுவதாக அவள் சொன்னதற்கு, அதெல்லாம் வேண்டாம், என்னவென்று சொல்வது, கேட்டால் சிரிப்பார்கள் என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். சண்முகவடிவு வரவில்லை.

அன்றே அவள் திருத்தம் எழுதினாள். இதழின் ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, கேட்காமல் எழுதினேன் என்றெல்லாம் எதற்கு, தகவல் பிழை நேர்ந்துவிட்டது என்று போட்டால் போதும் என்றார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. இதையும் அந்த இரண்டையும் சேர்த்து மூன்று கட்டுரைகளின் பெயரையும் போட்டு, கேட்காமல் எழுதினேன் என்றே வந்தது. கீழே சிலர் அவளுடைய நேர்மையைப் பாராட்டி எழுதினார்கள். அதைப் படிக்கையில் முகம் எரிந்தது.

நல்லசிவம் எதுவும் எழுதவில்லை. அவர் துணிப் பிரிவுக்குத் திரும்பினாரா என்று கேட்க இரண்டு தடவை போனை எடுத்தாள். இரண்டு தடவையும் வைத்துவிட்டாள்.