ஆபிரகாம் எந்த வகையறா?

1

2022 ஜூன் 7, செவ்வாய்க்கிழமை, இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் பிரபாகர் என்பவர் மாரடைப்பால் இறந்தார். சொந்த ஊர் பாலக்கோடு.

கதை இந்தச் செய்தியிலிருந்துதான் வந்தது. முதலில் எழுதிய தொடக்கம்: 'மதத்தை மனிதன் தேர்ந்தெடுக்கிறான், குலமோ மனிதனை...' அதோடு நிறுத்திவிட்டேன். கட்டுரை வாடை. அமுதவல்லி வீட்டு வாசலில் தொடங்கலாம். அங்கே பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

2

வெள்ளிக்கிழமை மகள் சுமித்ராவுக்குக் கல்யாணம். அமுதவல்லி வாழைத்தாரை எங்கே இறக்குவதென்று சொல்லிக்கொண்டிருந்தபோது கதிரவன் வந்தார். கணவர் மாதுவின் சித்தப்பா பச்சியப்பனுக்கு மூத்த மகன். தக்காளி மண்டி வியாபாரி. இஸ்லாத்தைத் தழுவியபின் இலியாஸ்.

"அண்ணி, தம்பி போயிட்டானுங்க."

தம்பிதான் பிரபாகர். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போன இடத்தில் யூதராகிவிட்டவர்.

[வாசகர் இங்கே நம்ப மறுப்பார். பிரபாகரைக் கிறிஸ்தவராக்கிப் பார்த்தேன். கதை நகர மறுத்தது.]

"அய்யோ" என்ற அமுதவல்லி உள்ளே போய்விட்டார்.

3

பங்காளி செத்தால் தீட்டு. அது கழியாமல் கல்யாணம் கிடையாது. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. மாது வாசலுக்கு வந்தார்.

"கதிரு, மதம் மாறிப்போனவன் பங்காளியாடா?"

"எங்கள்ல பேர மாத்தலாம், அப்பன் பேர மாத்தக்கூடாதுங்க. நான் இன்னிக்கும் பச்சியப்பன் மகன்தான். அவங்க மொறை வேற. யூதத் தாய்க்குப் பொறந்தா யூதரு. வெளிய இருந்து சேர்றவங்களுக்கு ஆபிரகாமையே அப்பனா வெச்சிருவாங்க. இவன் ஆபிரகாம் மகன்."

"அவுரு எந்த ஊரு?"

"நபிங்க அவரு. நாங்க இப்ராஹிம்னு சொல்லுவோம்."

"அப்ப உனக்கும் சொந்தம்?"

"நம்பிக்கையில சொந்தங்க."

"இருக்காரா?"

"செத்து நாலாயிரம் வருஷம் ஆவும்."

"அப்பத் தீட்டு கழிஞ்சிருக்கும்." மாதுவுக்கு உயிர் வந்தது. "பிரபாகரு ஆபிரகாம் வகையறா. நமக்கு ஒட்டும் இல்ல, தீட்டும் இல்ல. ஆனா நீ இன்னும் பங்காளிதான். வெள்ளிக்கிழம வரைக்கும் வண்டியில பாத்துப் போ, சாமி."

கதிரவன் சிரிக்கவில்லை.

"நான் அதுக்கு வரலீங்கண்ணா. அங்க அன்னிக்கே பொதைச்சிட்டாங்க. எங்க பள்ளிவாசல்ல அவனுக்குத் தொழ முடியாது. அவன் செத்ததுக்கு எதோ ஒரு வூட்டுலயாச்சும் தீட்டுன்னு சொல்லட்டும்னுதான் வந்தேன்."

மாது வாழைத்தாரைப் பார்த்தார்.

4

முடிவுகள்.

அ) கல்யாணம் நடக்கிறது. கதிரவன் கடைசிப் பந்தியில் சாப்பிட்டு... (வேண்டாம்.)

ஆ) ஹைஃபாவின் யூத மதகுருவான ரபி வீடியோ அழைப்பில் வருகிறார். பாலக்கோட்டுப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் மாதுவும் எதிரே. மூவரும் ஒத்துப்போய்விட்டார்கள். நம்பமுடியாததால் நீக்கினேன்.

இ) அமுதவல்லி வெளியே வந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பங்காளி வீட்டில் சாவு என்று காதில் விழுந்ததும் தலைக்கு ஊற்றிக்கொள்வார்கள். ஊற்றிக்கொண்டால் தீட்டை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அதற்குமேல் பேச்சில்லை.

"ஏன்டி ஊத்திக்கின?"

"செத்துட்டான்னாரு. கை தானா சொம்ப எடுத்துருச்சு."

"ஆபிரகாம் மகன்டி அவன்!"

"நம்ம கல்யாணத்துல மாலை எடுத்துக் குடுத்தது ஆபிரகாம் மகனா?"

"வேர்த்துச்சு, அதான் ஊத்திக்கினேன்னு சொல்லிரு."

"தெருவே பாத்துருச்சுங்க."

பந்தலின் மேலிருந்தவர் கயிற்றை அவிழ்க்கலாமா என்று கேட்டார். கதிரவன் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

[அமுதவல்லி யோசிக்காமல் ஊற்றிக்கொண்டாரா, யோசித்துத்தானா? எழுதிய எனக்கே தெரியவில்லை. வாசகர் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.]

கல்யாணம் ஆவணியில் நடந்தது.