திருநள்ளாற்றிலிருந்து வந்த புடவைகள்

அகரன் பிறந்து மூன்று மாதம் கழித்து எதிர்வீட்டில் ராஜ்மோகன் பிறந்தான். அந்த மூன்று மாதம்தான் அகரன் நிம்மதியாக வாழ்ந்த காலம்.

அதன் பிறகு சுரக்குடியில் எது நடந்தாலும் அம்மா பங்கஜவல்லி அதை ஒரே மாதிரி வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். ராஜ்மோகனுக்குக் கணக்கு வருது. ராஜ்மோகனுக்கு நீச்சல் வருது. பெரியவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு ராஜ்மோகனுக்கு வருது. உங்கள் பையனுக்கு என்ன வரும் என்று யாராவது கேட்டால், சற்று யோசித்து, "சளி வரும்" என்பாள்.

இருவரும் வளர்ந்து பெரியவர்களான பிறகு அடித்த புயலில் சுரக்குடியில் சில முருங்கை மரங்கள் சாய்ந்தன. தெற்கே வேதாரண்யம் பக்கம் ஊர் ஊராகச் சாய்ந்தது. நிவாரணம் கொண்டுபோகலாம் என்று முதலில் சொன்னது அகரன்தான். டீக்கடையில் சொன்னான். கேட்டது ராஜ்மோகன் ஒருவன்தான் என்பதால் சாட்சி இல்லாமல் போயிற்று. மறுநாள் காலை ராஜ்மோகன் அதையே வாட்ஸ்அப்பில் நல்ல தமிழில் எழுதிப் போட்டான். சாயங்காலத்துக்குள் அவன் வீட்டு வாசலில் புடவை, நைட்டி, கைலி, போர்வை என்று மூட்டைகள் குவிந்துவிட்டன.

பங்கஜவல்லி பீரோவைத் திறந்து, தன் மயில்கழுத்து நிறப் புடவையை எடுத்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த மகனைத் தாண்டி, தெருவைக் கடந்து, ராஜ்மோகன் கையில் கொடுத்தாள்.

"எங்கிட்டயே குடுத்திருக்கலாம்லம்மா. வண்டி என்னுதுதானே."

"வண்டி உங்க அப்பாவுது. நீ மடிப்பக் கலைச்சிடுவ."

வண்டி, அப்பாவின் குட்டியானை மினி லாரி. அதன் ஒரு பக்கம் முழுவதையும் மறைக்கிற அளவுக்கு ராஜ்மோகன் ஒரு பிளக்ஸ் அடித்து வந்திருந்தான். அதில் 'திருநள்ளாறு வட்டார இளைஞர்களின் புயல் நிவாரணப் பயணம்' என்று எழுதியிருந்தது. வட்டார இளைஞர்கள் அனைவரின் சார்பாகவும் ராஜ்மோகன் ஒருவனே கறுப்புக் கண்ணாடி போட்டுக் கைகூப்பி நின்றான்.

"சுரக்குடின்னு போட்டிருக்கலாம்ல" என்றான் அகரன்.

"சுரக்குடிய யாருக்குடா தெரியும்? திருநள்ளாறுன்னா எல்லாருக்கும் தெரியும்."

"அவன் சொல்றது சரிதான்" என்றாள் பங்கஜவல்லி.

பொம்பளைங்களுக்குத் துணி கொடுக்கிற இடத்தில் ஒரு பொம்பளை வேண்டாமா என்று அவளும் கிளம்பிவிட்டாள். அகரன் ஓட்ட, ராஜ்மோகன் ஜன்னலோரம் உட்கார, நடுவில் பங்கஜவல்லி. அவள் முகம் ஜன்னல் பக்கமாகவே திரும்பியிருந்தது. அகரனுக்கு அவளுடைய கொண்டை தெரிந்தது.

வாஞ்சூர் எல்லையில் வண்டியை நிறுத்தினார்கள். காரைக்காலிலிருந்து தமிழ்நாட்டுக்குள் போகிற வண்டியில் சாராயப் புட்டி இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். காவலர் பிளக்ஸைப் பார்த்தார், ஜன்னலோரம் இருந்த முகத்தைப் பார்த்தார், இரண்டும் ஒன்று என்று தெரிந்ததும் சிரித்தார்.

"நல்ல காரியம் பண்றீங்க தம்பி. டிரைவர், எறங்கித் தார்ப்பாயத் தொற."

அகரன் எல்லா மூட்டைகளையும் அவிழ்த்துக் காட்டிவிட்டுக் கட்டினான். அதற்குள் ராஜ்மோகனும் பங்கஜவல்லியும் டீ குடித்து முடித்திருந்தார்கள்.

வேதாரண்யம் தாண்டி, தார் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினார்கள். தென்னை மரங்கள் எல்லாம் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்திருந்தன. மின்கம்பங்களும் அவற்றைப் பார்த்துப் படுத்துவிட்டன. வீடுகள் இருந்தன, கூரைகள் இல்லை. ஒரு வீட்டுக்குள் கட்டிலும் சாமி படங்களும் கோழியும் வெயிலில் இருந்தன. அகரனுக்குச் சிறிது நேரம் ராஜ்மோகன் மறந்தே போனான். அது அபூர்வமாக நடப்பது.

வண்டியைச் சுற்றிப் பெண்கள் கூடினார்கள். கட்டியிருந்த துணி உடம்பிலேயே நனைந்து உடம்பிலேயே காய்ந்த பெண்கள். குஞ்சம்மா என்ற நடுவயதுக்காரிக்கு அங்கே எல்லாரும் வழிவிட்டார்கள். ராஜ்மோகன் வண்டி மேல் ஏறி, உங்கள் துயரம் எங்கள் துயரம் என்று தொடங்கினான். குஞ்சம்மா ஒரு புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள்.

"அதுல என்னடி எழுதியிருக்கு?"

"திருநள்ளாறுன்னு எழுதியிருக்குக்கா."

குஞ்சம்மா புடவையை எடுத்த இடத்திலேயே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"தம்பி, இது குளத்துல விட்டதா?"

"எந்தக் குளம்ங்க?"

"எந்தக் குளம்ங்கிறியே. சனி தொலையட்டும்னு நானே உங்க ஊருக்கு வந்து எண்ணெ தேச்சு முழுவி, கட்டியிருந்தத அங்கயே விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்தவதான். அது இப்பத் தேடிக்கிட்டு வந்திருக்கான்னு பாக்குறேன்."

சுற்றி நின்ற பெண்கள் ஓர் அடி பின்னால் போனார்கள்.

"அய்யோ, அது வேறங்க. அந்தத் துணிய நாங்க தொடவே மாட்டோம்" என்றான் ராஜ்மோகன்.

"நீங்க தொட மாட்டீங்க, நாங்க கட்டிக்கணுமா?"

ராஜ்மோகன் விளக்கினான். சனீஸ்வர பகவான் கெடுப்பவர் மட்டும் அல்லர், கொடுப்பவரும்தான் என்றான். அவனுக்கு ஆன்மிகமும் வரும்.

"குடுக்கிறது, கெடுக்கிறது ரெண்டும் பாத்தாச்சு தம்பி" என்றாள் குஞ்சம்மா. "இப்பத்தான் வந்துட்டுப் போயிருக்காரு. வண்டி வச்சித் திரும்பக் கூட்டியார வேணாம்."

அகரன் டிரைவர் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தான். இத்தனை வருடத்தில் இப்படி ஓர் இதம் அவனுக்கு வாய்த்ததில்லை. ராஜ்மோகன் பேசப் பேசப் பெண்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் பேசினால் கடலுக்குள்ளேயே போய்விடுவார்கள். சுரக்குடிக்குத் திரும்பியதும் இந்தக் கதையை எந்த இடத்தில் நிறுத்தி, எந்த இடத்தில் இருமிச் சொல்லவேண்டும் என்றுகூட அகரன் தீர்மானித்துவிட்டான்.

அப்போது கண்ணாடியில் அம்மா தெரிந்தாள். மூட்டையிலிருந்து எடுத்த மயில்கழுத்துப் புடவையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். ராஜ்மோகனைப் பார்க்கவே இல்லை. கொண்டுபோன சீர்த்தட்டைத் திருப்பி அனுப்பியது மாதிரி முகம் வாடியிருந்தது. புடவையை மறுபடி மடிக்கத் தொடங்கினாள். கலையாத மடிப்பைக் கலைத்து மடித்தாள்.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பெண்ணின் கை அந்தப் புடவையை நோக்கிச் சிறிது நீண்டது. மற்றவர்களைப் பார்த்துவிட்டு மடங்கிக்கொண்டது. வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. அகரன் கவனித்தான். அடுத்தவர் கைக்கு எது போகிறது என்று பார்த்தே வளர்ந்தவன் அவன்.

வண்டியை விட்டு இறங்கினான்.

"அம்மா, அந்த மயில்கழுத்தத் தனியா எடுத்து வையி. இங்க குடுக்க வேணாம்."

"ஏன்டா?"

"அடுத்த ஊர்க்காரங்க கேட்டிருக்காங்கல்ல. நல்ல புடவை எல்லாம் எங்களுக்கே வேணும்னு போன்ல சொன்னாங்களே, மறந்துட்டியா?"

பங்கஜவல்லி மகனைப் பார்த்தாள். யாரும் போன் செய்யவில்லை.

"யாருடா போன்ல..." என்று ராஜ்மோகன் வண்டியிலிருந்து குதித்தான். அகரன் அவன் காலை மிதித்தான். நெடுநாளைய ஆசை.

"எந்த அடுத்த ஊரு?" என்றாள் குஞ்சம்மா.

அடுத்த ஊரின் பெயர் அகரனுக்குத் தெரியாது. மேற்கே பொதுவாகக் கையைக் காட்டினான்.

"அந்தப் பக்கமா? அவங்களுக்கு நேத்தே பாயி, தலவாணி எல்லாம் எறங்கிடிச்சே."

"ரோட்டோரமா இருந்தா எல்லாம் அவங்களுக்குத்தான்" என்றாள் ஒருத்தி. "உள்ள கெடக்குற நம்மள எவன் பாக்குறான்?"

"நாங்க ஒளிக்கலங்க" என்றான் அகரன். "திருநள்ளாறுலேர்ந்து வர்றோம்னு சொன்னோம். அதனால என்ன, மஞ்சத் தண்ணியில அலசிக் கட்டிக்கிறோம்னு சொல்லிட்டாங்க."

"சொல்லுவாளுவ. ஏன் சொல்ல மாட்டாளுவ?"

குஞ்சம்மா மேற்கே பார்த்தாள். புடவையைப் பார்த்தாள். பிறகு பங்கஜவல்லியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மஞ்சத் தண்ணியில அலசுனாப் போயிடுமா?"

"போவறதுக்கு இதுல ஒண்ணும் இல்லக்கா. எங்க தெருவு பீரோவுல கெடந்தது எல்லாம். இது என் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்தது. மோந்து பாரேன்."

குஞ்சம்மா முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பாச்சை உருண்டை வாசம் மூக்கில் ஏறித் தும்மினாள்.

"குளத்து வாசம் இல்ல" என்று கூட்டத்துக்கு அறிவித்தாள்.

அதன் பிறகு நடந்ததை வரிசை என்று சொல்ல முடியாது. ராஜ்மோகன் "ஒவ்வொருத்தரா வாங்க" என்று கத்தி, கடைசியில் ஒரு போர்வைக்கு அடியிலிருந்து மீட்கப்பட்டான். மயில்கழுத்துப் புடவையை அகரன் கூட்டத்துக்கு மேலாக நீட்டினான். நீண்டு மடங்கிய அந்தக் கை, இந்த முறை மடங்காமல் வாங்கிக்கொண்டது.

வண்டி காலியானதும் குஞ்சம்மா பிளக்ஸைத் தட்டிப் பார்த்தாள்.

"இதயும் குடுத்துட்டுப் போங்க தம்பி. கூரைக்கு ஆவும்."

"இதுலயும் திருநள்ளாறுன்னுதான் போட்டிருக்குங்க" என்றான் ராஜ்மோகன்.

"இத யாரும் கட்டிக் குளிச்சிருக்க மாட்டாங்கல்ல."

அகரன் குஞ்சம்மா வீட்டுச் சுவரில் ஏறினான். ராஜ்மோகன் கீழிருந்து கயிறு எடுத்துக் கொடுத்தான். "மூஞ்சி உள்ளயா, வெளியவா?" என்று அகரன் கேட்டான்.

"வெளியவே இருக்கட்டும். மழ அதுமேல பெய்யட்டும்."

அகரனுக்குக் குஞ்சம்மாவை மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் வண்டியைத் திருப்பும்போது பார்த்தால், பாதி வீட்டை மூடிக்கொண்டு, வானத்தைப் பார்த்துக் கைகூப்பியபடி ராஜ்மோகன் படுத்திருந்தான். இனி அந்த வீட்டில் மழைக்குக் குடை அவன்தான். அகரன் பல்லைக் கடித்துக்கொண்டு கியரை மாற்றினான்.

நாகூர் வருவதற்குள் ராஜ்மோகன் பங்கஜவல்லியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். அவனுக்குத் தூக்கமும் நன்றாக வரும்.

"ஏன்டா" என்றாள் பங்கஜவல்லி. கொண்டை இல்லை, முகம். "அந்தப் பொய்ய எங்க கத்துக்கிட்ட?"

"எந்தப் பொய்யி?"

"அடுத்த ஊருன்னு சொன்னியே."

 திட்டு விழும் என்று அகரன் தோள்பட்டையைத் தயாராக வைத்துக்கொண்டான்.

"ராஜ்மோகனுக்கு அதெல்லாம் வராது" என்றாள் அவள்.

வண்டி நாகூரைத் தாண்டியது. இது பாராட்டா, திட்டா என்று அகரன் யோசித்துக்கொண்டே ஓட்டினான். அம்மா அதைச் சொன்ன குரலில் இரண்டுக்கும் இடம் இருந்தது. ஆனால் வராது என்ற சொல்லை ராஜ்மோகன் பெயரோடு சேர்த்து அவள் சொல்லி அவன் கேட்டதே இல்லை. பாராட்டுதான் என்று முடிவு செய்தான். முடிவு செய்ததும் ஒரு குறை தெரிந்தது. கேட்க வேண்டியவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

வாஞ்சூர் வேகத்தடையில் அகரன் வேகத்தைக் குறைக்கவில்லை. ராஜ்மோகனின் தலை கூரையில் இடித்தது.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. அம்மா ஏதோ சொன்னாங்க. அம்மா, இப்பச் சொன்னியே, அதத் திரும்பச் சொல்லு."

பங்கஜவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள்.