நீக்கப்பட்ட ஏழாவது பக்கம்

காலை ஒன்பதே முக்காலுக்கு ராணுவ உளவுப் பிரிவின் கூட்ட அறையில் கணினியைத் திறந்தேன். திரையில் பக்கங்களை மாற்றுவது மட்டும்தான் அங்கே என் வேலை. பேசுவது கர்னல், கேட்பது ஜெனரல்.

பன்னிரண்டு பக்கங்கள் இருக்க வேண்டும். பதினொன்றுதான் இருந்தன. நான் எழுதிய ஏழாவதைக் காணவில்லை.

அதில் இருந்தது இதுதான்: ரயில் நிலையத்தின் பார்சல் வாசலில், காவலர்கள் முறை மாறும் பத்து நிமிடத்தில், ஒரு வெள்ளை வேன் நான்கு முறை வந்து நின்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு நம்பர் பிளேட். பின்கதவில் மட்டும் அதே நசுங்கல். நாளை அங்கே விடுமுறைக்குக் கிளம்பும் அறுநூறு வீரர்கள் ரயிலுக்கு நிற்பார்கள்.

"மறுபடியும் தூக்கிட்டாரா?" தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் பெண் கேட்டாள். "கர்னலுக்கு அழி ரப்பர்னு சும்மாவா பேர் வெச்சோம்? அந்தக் குண்டு வைக்கிற கும்பலையே ஒழிச்சிட்டேன்னு போன மாசம்தான் பதக்கம் வாங்கினார். இப்ப வேன் சுத்துதுன்னா மூஞ்சிய எங்க கொண்டு போய் வெச்சுப்பார்?"

"என் கோப்புல பிரதி இருக்கு. சேர்த்துடறேன்."

"அக்கா, வேணாம். வேலை போறதோட நிக்காது. உள்ள தூக்கிப் போட்டுருவாங்க."

சேர்த்தேன். சேமிக்கும் விசையை இரண்டு தடவை தட்டிவிட்டேன். பயம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பயம் எனக்குத் தெரியும். பதினோரு நாளாக வயிற்றில் கல்லாகக் கிடந்தது அதுதான். இது வேறு. ஓட்டப்பந்தயத்தில் விசிலுக்குக் காத்து நிற்கும்போது கால்களுக்குள் துள்ளுமே, அது. இவ்வளவு பேர் உயிர் விஷயத்தில் இப்படியொரு சந்தோஷம் வரலாமா? வெட்கமாக இருந்தது. அப்போதும் அது துள்ளியது.

கூட்டம் தொடங்கி, கர்னல் ஆறாவது பக்கத்தைப் பேசி முடித்ததும் விசையைத் தட்டினேன். திரை முழுக்க நசுங்கிய கதவு.

"மன்னிக்கணும் சார், தப்பா வந்துடுச்சு," என்றார் கர்னல். "அடுத்தது போடும்மா."

நான் போடவில்லை.

"தப்பில்ல சார்." இரண்டு வருடத்தில் அந்த அறை என் குரலைக் கேட்டது அதுதான் முதல் முறை. வேன், வாசல், நாளைய ரயில், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

ஜெனரல் நிமிர்ந்தார். "எத்தனை நாளா தெரியும்?"

"பதினோரு நாளா சார்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

கர்னல் என்னைப் பார்த்தார். மிரட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் கண் கெஞ்சியது. நான் ஜெனரல் பக்கம் திரும்பினேன்.

"இவர்கிட்டதான் சார். மூணு தடவை. எழுத்துல."

ஜெனரல் போனை எடுத்தார். "பார்சல் வாசலை இப்பவே மூடு. நாளைக்கு அந்த ரயில் கிடையாது." பிறகு என்னிடம், "ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? உக்காந்து முதல்ல இருந்து சொல்லுங்க."

கர்னலுக்குப் பக்கத்து நாற்காலிதான் காலியாக இருந்தது. இழுத்துப் போட்டுக்கொண்டேன்.