ஒன்றரைக்குள் ஒரு வார்த்தை

‘வேண்டாம்’ என்ற ஒரே ஒரு வார்த்தையை மூன்று நாளாக வாய்க்குள் வைத்துக்கொண்டு அலைந்தாள் அவள்.

அதைக் கேட்க வேண்டியவன் வேறெங்கோ இல்லை. அதே உல்லாசக் கப்பலில், அவள் மைக் பிடிக்கும் கூடத்துக்கு ஒன்பது தளம் கீழே, இன்ஜின் அறையில் இருந்தான். கட்டிய புருஷன். தம்பதிகளுக்கான அறை காலியில்லை என்று எட்டு மாதமாக ஒரே பதில். அவன் ஒரு எலக்ட்ரீஷியனோடும் அவள் ஒரு நடனக்காரியோடும் குடித்தனம் நடத்தினார்கள். அவன் தூங்கும்போது அவள் பயணிகளை ஆடவைப்பாள். அவள் தூங்கும்போது அவன் கப்பலை ஓடவைப்பான். பேச்சு வார்த்தையெல்லாம் போன் சாட்டில்தான்.

நாளைக் காலை அவன் ஒப்பந்தம் முடிகிறது. இதே கப்பலில் நீட்டிக்கலாம்; அல்லது ஒரு சரக்குக் கப்பலில் பதவி உயர்வோடு ஒன்பது மாதம் போகலாம். படிவத்தில் ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் போட்டு, இன்று ஒன்றரை மணிக்குள் பணியாளர் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும்.

‘போன்ல வேணாம், நேர்ல சொல்லு. என் முகத்தைப் பாத்து வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா இங்கேயே இருந்துடறேன்’ என்று எழுதியிருந்தான்.

இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைப்பது இன்று ஒரு மணிக்குத்தான். கப்பல் துறைமுகத்தில் நின்றிருக்கும். இறங்கும் வாசலில் சந்திப்பது என்று ஏற்பாடு.

பன்னிரண்டுக்குத் தம்போலா ஆரம்பித்தாள். முக்கால் மணியில் முடியும் ஆட்டம். முடிந்திருக்கும், அந்த இரண்டு சம்பந்திகள் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

பெண்ணைப் பெற்றவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். பையனைப் பெற்ற அம்மாள் வாய்க்கு ஓய்வே கொடுக்காதவர். புதுசாகக் கல்யாணமான பிள்ளைகளோடு இரண்டு வீட்டாரும் சேர்ந்து வந்திருந்தார்கள். சீட்டு முழுக்க அடித்து முடிக்கும் கடைசி ஃபுல் ஹவுஸுக்கு இரண்டு பேரும் கை தூக்கினார்கள். பரிசு, கப்பல் படம் போட்ட ஒரு தொப்பி.

அடுத்த எண்ணைக் கூப்பிடுவதற்குள் கை தூக்கியவருக்குத்தான் பரிசு என்பது விதி. யார் எப்போது தூக்கினார்கள் என்பதில்தான் வம்பு.

“நான் கையத் தூக்கினப்ப நீங்க இன்னும் கண்ணாடியத் தேடிக்கிட்டு இருந்தீங்க, சம்பந்தியம்மா.”

“பொண்ணு எடுத்த வீடாச்சேன்னு பேசாம இருக்கேன். கையத் தூக்கினீங்களா, கொட்டாவி விட்டீங்களா? யாருக்குத் தெரியும்?”

மகனும் மருமகளும் இவர்களை முன்பின் பார்த்ததே இல்லை என்பதுபோல் கூரை விளக்குகளை ரசித்தார்கள்.

பொழுதுபோக்குக் கூடத்தில் கடிகாரம் மாட்டமாட்டார்கள். மணி தெரிந்தால் பயணி எழுந்துபோய்விடுவான். அவளுடைய கைக்கடிகாரமும் போன வாரமே உயிரை விட்டிருந்தது. மேஜைக்கடியில் போனைத் திருப்பிப் பார்த்தாள். பன்னிரண்டு முப்பத்தைந்து. அப்பாடா, இன்னும் இருபத்தைந்து நிமிஷம்.

அந்தத் தெம்பில் பொறுமையாக உட்கார்ந்தாள். இருவர் சீட்டையும் எண் எண்ணாகச் சரிபார்த்தாள். பின்வரிசையில் இருந்தவர்களிடம் சாட்சி கேட்டாள். கூப்பிடாத ஒரு எண்ணை அம்மாள் அடித்திருப்பதைக் கண்டுபிடித்து, மனம் நோகாமல் எடுத்துச் சொல்லி, தொப்பியை ஹெட்மாஸ்டர் தலையில் வைத்தாள். அம்மாளுக்கு ஆறுதலாக ஒரு சாவிக்கொத்து.

அறைக்கு ஓடி, சீருடையைக் கழற்றி, அவனுக்குப் பிடித்த பச்சைச் சட்டையை மாட்டி, தலை வாரிக்கொண்டு, படிகளில் தடதடவென இறங்கி வாசலுக்கு வந்தபோது போனில் மணி ஒன்று இரண்டு. இரண்டே நிமிஷம் தாமதம். இதற்குக்கூடவா கோபித்துக்கொள்வான்?

வாசலில் அவன் இல்லை. காவலாளியின் தலைக்கு மேலே ஒரு கடிகாரம். அதில் மணி ஒன்று முப்பத்திரண்டு.

போனையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த ஊர் நேரம் கப்பல் நேரத்துக்கு அரை மணி பின்னால். கரையின் சிக்னல் கிடைத்ததும் போன் தானாக மாறிக்கொள்ளும். அதை நம்பாதீர்கள், கப்பல் நேரத்தையே பாருங்கள். காலையிலிருந்து மூன்று தடவை இதை ஒலிபெருக்கியில் கப்பல் முழுக்கச் சொன்னது வேறு யாருமில்லை. அவளேதான்.

அலுவலகப் பக்கத்திலிருந்து அவன் வந்தான். கையில் படிவம் இல்லை.

“வேணாம்,” என்றாள் மூச்சு வாங்க. “போக வேணாம்.”

அவன் அவள் சட்டையைப் பார்த்தான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று இருபத்தைந்து வரைக்கும் இங்கேயே நின்றதாகச் சொன்னான். தன் போனைக் கீழேயே விட்டுவந்ததால், காவலாளியின் மேஜையிலிருந்து கூடத்துக்கு இரண்டு முறை போன் போட்டானாம். மேடம் தொப்பிப் பஞ்சாயத்தில் இருக்கிறார், அப்புறம் பேசுவார் என்று பதில் வந்ததாம்.

“நீ வரலேன்னா அதுதான் உன் பதில்னு நினைச்சேன். போடான்னு நேர்ல சொல்ல உனக்குச் சங்கடம்னு…”

“எந்தக் கட்டத்துல டிக் போட்ட?”

அவன் அலுவலகப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். அதிகாரி சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பாவமாகத்தான் பார்த்தார்.

“தலைமை அலுவலகத்துக்கு மெயில் போயிடுச்சும்மா. அந்தக் கப்பல்ல இவர் பேரைப் போட்டாச்சு. இனிமே என் கையில ஒண்ணுமில்ல.”

அவன் பணிக்குத் திரும்ப இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. இறங்கிப் போயிருக்கலாம். இருவரும் கரையில் கால் வைக்கவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, யார் மேல் தப்பு என்று சண்டை போட்டார்கள். போன்மேல், சம்பந்திகள்மேல், கடைசியில் ஒருவர்மேல் ஒருவர். எட்டு மாதத்தில் எதிரெதிரே உட்கார்ந்து போட்ட முதல் சண்டை.

இரண்டேகாலுக்கு அவன் எழுந்தான். “பச்சை நல்லா இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் பணியாளர் படிகளில் இறங்கினான்.

இரண்டரைக்கு அவளுக்கு நடன வகுப்பு. சீருடையை மறுபடி மாட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள். இடது கால் முன்னால், வலது கால் பக்கத்தில் என்று சொல்லிக்கொடுத்தாள். முன்வரிசையில் நின்ற ஒரு பெரியவர், டீச்சர் சொல்வது ஒன்றும் ஆடுவது ஒன்றுமாக இருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்டாள். காலை மாற்றி வைத்தாள். அதுவும் தப்பாகவே விழுந்தது.