முன்னால் நடப்பவர்

எங்கள் வீட்டு வழக்கம் இது: தடம் பார்த்து நடக்கும்போது முன்னால் போகிறவர்தான் வாயைத் திறப்பார். பின்னால் வருகிறவன் எதைக் கண்டாலும் பேசாமல் வர வேண்டும். மீசை முளைத்த நாளிலிருந்து வாடி அரபா பாலைவனத்தில் என் அண்ணன் சுவைலிம் முன்னால், நான் பின்னால்.

அம்மானிலிருந்து வந்த பல் டாக்டர் ருலா, கொம்பு விரியனைப் படம் எடுக்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று மூன்றாம் நாளாக எங்களைப் படுத்திக்கொண்டிருந்தார். அதுவரை கண்ணில் பட்டது முள்வால் பல்லியும் நரி வளையும்தான்.

"இன்னிக்கும் கெடைக்கலேன்னா நான் அகபா துறைமுகத்துக்கே வேலைக்குப் போயிடறேன்டா. பாம்பே இல்லாத எடத்துல வழிகாட்டி எதுக்கு?" என்றார் அண்ணன்.

விடியலில் கிளம்பினோம். கொஞ்ச தூரத்திலேயே மணலில் சாய்கோடு சாய்கோடாக விரியனின் புதுத் தடம், ஒரு புதரடி வரைக்கும். அண்ணன் அதை மிதித்துக்கொண்டே போனார். அவருக்குக் கண் மங்குகிறதோ என்று எனக்கிருந்த சந்தேகம் அங்கே உறுதியானது. டாக்டர் முன்னால் எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன், கிறுக்கன்.

வெயில் ஏறும்வரை நடந்தோம். காற்று எல்லாத் தடத்தையும் அழித்துவிட்டது. டாக்டர் செருப்பைக் கழற்றிக் கழற்றி மணலைக் கொட்டினார். எனக்குக் கால் வலியைவிட மனசு வலித்தது.

திரும்பும் வழியில் அதே புதரடியில் அண்ணன் நின்றார். "ஒரு வாய் டீ போடுவோம்." சுள்ளி ஒடிக்கக் குனிந்து, வேரடிக்குக் கையை நீட்டினார்.

"அண்ணே, கைய எடுங்க. அங்க இருக்கு," என்றேன் அவர் காதோரம்.

கை அப்படியே நின்றது. மணலுக்கு மேலே இரண்டு சின்னக் கொம்புகள், இரண்டு கண்கள். டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு கேமராவைத் திறந்தார்.

அண்ணன் மெல்லப் பின்வாங்கினார். "எப்படிடா தெரியும்?"

"காலையில தடம் பாத்தேன்."

"நான் மிதிச்சேனா?"

"மிதிச்சீங்க."

"காலையில அது கடிச்சிருந்தாலும் மரியாதையா பின்னாலயே நின்னுருப்ப," என்றார்.

டாக்டர் படம் எடுத்து முடித்து ஓடிவந்து அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க கண்ணுக்கு இணை கெடையாதுங்க."

அண்ணன் சிரித்து வைத்தார். டீ போடவில்லை. "நீ முன்னால போடா," என்று மட்டும் சொன்னார்.

போனேன். என் காலடித் தடத்திலேயே கால் வைத்து அவர் வந்தார். வழியில் ஒரு கல் கிடந்தது.

"கல்லு, அண்ணே."

"தெரியுது," என்றார், இடறிக்கொண்டே.