மாதா தேரை மறித்தவள்

பொக்ரானில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த வாரம், மராத்திக்காரர் ஊரான போபோடியில் தமிழர் மாதா கோயிலில் பூசை முடிந்து, வெற்றி இனிப்பாகப் பேடா கொடுத்தார்கள். நற்கருணை வாங்கிய வாயிலேயே அதையும் போட்டுக்கொண்டது சனம். ஜோசபினுக்கு மட்டும் அது தொண்டையில் இறங்கவில்லை. பங்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாக்கு கொஞ்சம் நீளம். அணுகுண்டைச் சுமக்கிற ஏவுகணைக்குக் கூடு செய்யும் கம்பெனி ஒன்று பக்கத்துப் போசரியில் இருந்தது. அதன் கேட்டை ஒரு நாளாவது மறித்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். போலீஸ் பிடித்தால் பிடிக்கட்டும், வேலை போனால் போகட்டும். பிள்ளைகளுக்குக் 'கொலை செய்யாதே' என்று சொல்லிக்கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் அப்புறம் எந்த முகத்தோடு வகுப்புக்குப் போவது?

பங்குச் சாமியார் ஸ்டீபன் அமைதிக் குழு ஆரம்பித்தார். ஆரம்பிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அடுத்த வருஷம் ஹிரோஷிமா நாளில், காலை ஷிப்டு மாறும்போது கேட் முன்னால் உட்காருவது என்று பேச்சு. எல்லாரும் கை தூக்கினார்கள். வாயால் பந்தல் போட எவனுக்குத்தான் வலிக்கும்!

அதற்குள் கார்கில் சண்டை வந்தது. தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"இப்பப் போய் உக்காந்தா தேசத்துரோகின்னு சொல்லிடுவாங்க டீச்சர்" என்றார் சபைத் தலைவர் லூர்துசாமி.

சாமியார் வழி கண்டுபிடித்தார். "மாதா சுரூபத்தைக் கொண்டுபோவோம். மாதா வந்தா சனம் தன்னால வரும். போலீசும் தொடமாட்டான்."

"தொடட்டும்னுதானே சாமி போறோம்!" என்றாள் ஜோசபின்.

"நீ கொஞ்சம் சும்மா இரும்மா."

ஹிரோஷிமா நாள் காலையில் மாதா டெம்போவில் ஏறினாள். சொன்னபடி சனமும் வந்தது. பேண்டு செட்டு, பட்டுப் புடவை, நேர்ச்சைக்கு உப்பு மிளகு, ஒன்றுக்கும் குறைவில்லை. 'அணுகுண்டு வேண்டாம்' என்ற அட்டை ஒன்றே ஒன்று, ஜோசபின் கையில். அதுவும் மழையில் கரைந்துகொண்டிருந்தது.

கேட்டில் காவலாளி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். சூப்பர்வைசர் சுந்தரமூர்த்தி நெற்றி நிறைய விபூதியோடு ஓடிவந்தார்.

"வாங்க சாமி, வாங்க! அம்மாவே வாசல் தேடி வந்திருக்கா. புது மிஷின் நேத்துதான் இறங்குச்சு. ஆயுத பூஜை வரைக்கும் காத்திருக்கணுமேன்னு பாத்தேன். நீங்க உள்ள வந்து தண்ணி தெளிச்சுட்டா இன்னைக்கே ஓட்டிரலாம்."

கேட்டை அகலத் திறந்தார்கள். பிடித்துக்கொண்டு போக வேண்டிய போலீஸ்காரர் லாரிகளை நிறுத்தி ஊர்வலத்துக்கு வழி பண்ணிக்கொண்டிருந்தார்.

ஜோசபின் சாமியாரைப் பார்த்தாள். 'மாட்டேன்' என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும். அதற்கு மேல் யார் கேட்டார்கள்? சாமியார் வாயைத் திறந்தார்.

"தீர்த்தச் செம்பு எங்கப்பா?"

அட தூ! மறிக்க வந்த கூட்டம் மிஷினை மந்திரிக்கக் கிளம்பிவிட்டது. பேண்டுக்காரன் வேறு குஷியாகிப் பாட்டை மாற்றினான். ஜோசபின் டெம்போவுக்கு முன்னால் போய் ஈரத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்திரி டீச்சர்! மாதாவை மறிச்சா உருப்படுவியா?" என்று கத்தினார் லூர்துசாமி.

"மாதாவை நான் எதுக்கு மறிக்கிறேன்? குண்டுக்கு ஞானஸ்நானம் குடுக்கப் போறீங்களே, உங்களைத்தான் மறிக்கிறேன்!"

அவ்வளவுதான். கேட் முன்னால் சேர்ந்து உட்காருவதாகக் கை தூக்கியவர்கள் இப்போது சேர்ந்து இழுத்தார்கள். ஜெபமாலைச் சங்கத்து எஸ்தர் தலைமயிரைப் பிடித்தாள். போலீஸ்காரர் என்ன தகராறு என்று கேட்க, லூர்துசாமி இந்தியில் முந்திக்கொண்டார். "ஜுலூஸ் ரோக் ரஹீ ஹை, சாப்!"

ஊர்வலத்தை மறித்தவளைப் போலீஸ் வேனில் ஏற்றினார்கள். கம்பி வலை வழியாக அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாதா உள்ளே போனாள். பின்னாலேயே சனமும் போயிற்று. அணுகுண்டைப் பற்றி ஒரு ஈ காக்கை வாய் திறக்கவில்லை.

மந்திரித்து முடித்து சாமியார் வேனருகே வந்தார். கையில் செம்பு காலியாக இருந்தது.

"பேசிட்டேம்மா. ஒரு மன்னிப்பு மட்டும் கேட்டுடு, விட்டுடுவாங்க."

"யாருகிட்ட சாமி, மாதாகிட்டயா?"

"மாதாகிட்ட எதுக்கும்மா? கம்பெனிகிட்ட."

ஜோசபின் எழுந்து வேன் கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள்.

"சலோ பாய்" என்றாள் டிரைவரிடம்.