ஸ்டூல் இழுக்கும் சத்தம்

மூன்றாவது இழுப்பறையையும் திறந்து பார்த்துவிட்டு, அவள் கணவரின் அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். வாசலில் மாலைகளை ஒரே கட்டாகக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். கட்டிய நூலை வெட்ட வேண்டும்.

"ஏம்மா, குடும்பம் நடத்துற வீடுதானே இது? கத்தி இல்ல, கத்தரிக்கோல் இல்ல. வெங்காயத்தைப் பல்லாலதான் நறுக்குவீங்களா?"

"எங்கயோ வச்சிருக்கார் அண்ணி."

"எங்கயோன்னா?"

அவள் முன்னறைப் பக்கம் பார்த்தாள். கணவரை அங்கேதான் கிடத்தியிருந்தார்கள். நேற்றுக் காலை பத்தேகாலுக்கு, பஸ் டிப்போவில், வண்டி புறப்படும் நேரத்தை எழுதும் மேசையிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, போன், வீட்டுச் சாவி இருந்தன. பெட்டிச் சாவி இல்லை. இரண்டு தடவை கவிழ்த்துப் பார்த்துவிட்டாள்.

பெட்டி அலமாரிக்கு அடியில் இருக்கிறது. நான்கு மாதத்துக்கு முன், பதினான்கு வயது மகளைப் பிள்ளைகளுக்கான மனநல அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் சொன்னாள்: மாத்திரை, கத்தி, பிளேடு எல்லாம் பூட்டுக்குள் இருக்கட்டும், சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். கணவர் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். மனைவியிடம்கூடச் சாவியின் இடத்தைச் சொல்லவில்லை. "உனக்குத் தெரிஞ்சா உன் மூஞ்சி சொல்லிரும்" என்றார். காலையில் கத்தியை எடுத்துக் கொடுத்து, நறுக்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, கழுவித் துடைத்து உள்ளே வைத்துப் பூட்டுவார். ரெண்டு வெங்காயத்துக்கு ஒரு இன்ஸ்பெக்டரா என்று அவள் கேலி செய்திருக்கிறாள். ஞாயிறுதோறும் சாவியின் இடத்தை மாற்றுவார்.

உறவில் யாருக்கும் இது தெரியாது. டைபாய்டு என்று சொல்லியிருந்தார்கள்.

பைக்குள் கணவரின் போன் அடித்தது. வியாழக்கிழமை. நர்ஸ் வாரம் தவறாமல் அழைக்கும் நேரம். போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"சார் இல்லீங்களா?"

"இறந்துட்டாரு. நேத்து."



"பொண்ணு இப்ப எங்க இருக்கா?"

"முன்னறையில. அவர் பக்கத்துல."

"தனியா விடாதீங்கம்மா. அழுதாலும் சரி, அழலேன்னாலும் சரி. எந்த நேரமும் கூட்டிட்டு வரலாம், நாங்க இருப்போம். பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"தேடிக்கிட்டிருக்கேன்."

"நீங்களே தேடுங்க. வேற யார் கைக்கும் போக வேண்டாம்."

வெளியே வந்தபோது அண்ணி பெட்டியைச் சமையலறை நடுவில் இழுத்துப் போட்டிருந்தாள்.

"இதுக்குள்ளதான் இருக்கும்போல. கல்லெடுத்து ஒரு தட்டு தட்டினா பூட்டு வாயைப் பொளந்துரும்."

"வேண்டாம் அண்ணி."

"அடுத்து வர்றவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"வேண்டாம்னு சொல்றேன்ல!"

யாரோ கத்தியதுபோல் அவளுக்கே கேட்டது. சமையலறை வாசற்படியில் மகள் நின்றிருந்தாள்.

"அத்தை, மாலைக் கட்டு வெறும் முடிச்சுதான். நகத்தாலயே அவுக்கலாம்."

"நல்ல வீடுடீ உங்க வீடு" என்று முணுமுணுத்தபடி அண்ணி வெளியே போனாள்.

மகள் மூலையிலிருந்த இரும்பு ஸ்டூலை இழுத்தாள். ஏறி, மின் மீட்டருக்குப் பின்னால் கைவிட்டு, சாவியை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மாத்தும்போதெல்லாம் ஸ்டூலை இழுப்பாருல்ல. சத்தம் கேக்கும். எந்தப் பக்கம்னு தெரிஞ்சுரும்."

"எல்லா வாரமுமா?"

"எல்லா வாரமும்."

அவள் பெட்டியைப் பார்த்தாள். கணவர் பூட்டியது பூட்டியபடி இருந்தது. பதினேழு ஞாயிற்றுக்கிழமைகள்.

"அப்பாகிட்ட சொல்லலியா?"

"சொன்னா தூங்க மாட்டாரு."

வாசலில் யாரோ மாலையைக் கேட்டார்கள்.

"வேற எடத்துல வைம்மா" என்றாள் மகள். "நான் பாக்கல."

சுவர்ப்பக்கம் திரும்பி, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, எண்ணத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

அம்மா சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஸ்டூலின் கால் தரையில் உரசாமல் இரண்டு கைகளாலும் தூக்கினாள்.